சுருணை முதல் சர்வர் வரை: மாற்றத்தைப் பதிந்து வைக்கும் மரபு

பூவாற்றின் பொழிமுகத்தைக் கண்டவர்கள் மாற்றம் என்பதன் இயல்பை நன்கு அறிவர். நெய்யாறு கடலொடு கலக்கும் அவ்விடத்தில் மணல்திட்டு ஒரு பருவத்தில் வளரும். மற்றொரு பருவத்தில் கரையும். ஆற்றின் வாய் சற்றே நகர்ந்து நிற்கும். சென்ற ஆண்டு வாய் எங்கே இருந்தது, எந்த அலை அதனை நகர்த்திற்று என்று மணலைக் கேட்டால் விடை கிடையாது. இயற்கை மாறிக்கொண்டே செல்லும்; மாறியதை எழுதி வைப்பதில்லை. எழுதி வைப்பவன் மனிதன். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எதற்காக மாற்றினார், மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதி வைத்த சமூகமே தன் உரிமைகளைக் காத்துக்கொண்டது.

இன்று நம் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர் சிலர் கழக்கூட்டத்து டெக்னோபார்க் போன்ற இடங்களில் சர்வர் எனப்படும் கணினிகளைக் காத்து வருகின்றனர். அவர்கள் தொழிலிலே 'பதிப்புக் கட்டுப்பாடு' என்று ஒரு முறை உண்டு. சர்வரின் அமைவுக் கோப்புகளில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், பெயர், காரணத்துடன் பதிந்து வைக்கும் முறை அது. கேட்பதற்குப் புதுமையாய்த் தோன்றும் இம்முறையின் உள்ளக்கருத்து நம் எல்லைப்புற மண்ணுக்குப் புதிதன்று. ஓலையிலும் செப்பேட்டிலும் கிராமக் கணக்கிலும் நம் முன்னோர் கையாண்ட ஒழுங்கே எந்திரத்தின் வயிற்றிலும் இன்று நடைபெறுகிறது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முஞ்சிறைக்கு அருகே ஒரு சாலை

பாறசாலையிலிருந்து களியக்காவிளையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்னும் ஊர் உள்ளது. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு திருமால் கோயிலை எடுப்பித்தான். கோயிலோடு ஒரு கல்விச் சாலையையும் நிறுவினான். இதனைக் கூறும் செப்பேடு திருவனந்தபுரத்து ஹஜூர் அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டமையால் 'ஹஜூர் அலுவலகச் செப்பேடு' என்றே பெயர் பெற்றது. அதனை ஆராய்ந்து பதிப்பித்தவர் தொல்லியலறிஞர் து. அ. கோபிநாத ராவ்.

அச்செப்பேடு வெறும் கொடைச் சாசனம் அன்று. ஒரு நிறுவனத்தின் அமைவுக் குறிப்பும் ஆகும். கோயிலுக்குரிய நிலம் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து, வேறு நிலம் மாற்றாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதை அது பதிகிறது. சாலையில் 95 மாணவர்க்கு இடம் உண்டு. அவர்களுள் பவழிய சரணத்தார் 45 பேர், தைத்திரீயர் 36 பேர், தலவகாரர் 14 பேர் என எண் வரையறுக்கிறது. சண்டையிட்டோர்க்குத் தண்டம் யாது, ஆயுதத்தோடு கூட்டத்திற்கு வரலாகாது என்பன போன்ற ஒழுக்க விதிகளையும் கூறுகிறது. இவ்வேற்பாடுகளுக்கெல்லாம் காந்தளூர்ச் சாலையின் மரபே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அக்காந்தளூர்ச் சாலையைப் பற்றிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தனியே ஆராய்ந்து எழுதியுள்ளதை அன்பர்கள் அறிவர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஓரிடத்தில் நன்கு நடைபெற்ற ஓர் அமைப்பை எடுத்து மற்றோரிடத்தில் நிறுவும்போது, எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் அவர்கள் எழுதி வைத்தனர். இக்காலத்தில் ஒரு சர்வரின் அமைவை மற்றொரு சர்வருக்குக் கொண்டு செல்வோரும் இதனையே செய்தல் வேண்டும்.

சோழர் ஆட்சியில் இவ்வொழுங்கு மேலும் வளர்ந்தது. மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணை உடனே செயலாகிவிடவில்லை. திருமந்திர ஓலை எழுதுவோன் அதனை எழுதினான். திருமந்திர ஓலைநாயகம் ஒப்பு நோக்கினான். பின்னர்ப் புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை எனப் பல அலுவலர் உடனிருக்க அது கணக்கில் ஏறிற்று. அவர்களின் பெயர்களைச் சோழர் செப்பேடுகள் வரிசையாகக் கூறுகின்றன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்த பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரவேண்டும் என்ற இக்கொள்கை பின்னர்க் கணினித் துறையிலும் தலைதூக்கக் காண்போம்.

சுருணைகளும் முதலியார் ஓலைகளும்

திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் பனையோலையில் எழுதப்பட்டவை. ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய கட்டுகளுக்குச் சுருணை என்று பெயர். பத்மநாப சுவாமி கோயிலைச் சார்ந்தவை மதிலக ஓலைகள் எனப்படும். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் ஆகிய பல எழுத்து முறைகளை இவ்வாவணங்களிலே காணலாம். மார்த்தாண்ட வர்மர் 1750-இல் தம் நாட்டையே பத்மநாபனுக்கு உரிமையாக்கிய திருப்படித்தானம் என்னும் நிகழ்ச்சியும் ஓலையிலே பதிவு பெற்றது. ஓர் அரசின் உரிமை யாரிடமிருந்து யாருக்கு மாறிற்று என்பதும் எழுத்தில் ஏறவேண்டிய ஒரு மாற்றமாகவே கருதப்பட்டது! இவ்வோலைகளின் சிறப்பைப் பொதுமக்கள் காணும் வண்ணம் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022-இல் ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நாஞ்சில் நாட்டிலே, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் கிடைத்த ஓலைகள் 'முதலியார் ஓலைகள்' எனப் புகழ்பெற்றவை. கவிமணி அவற்றை வெளிக்கொணர்ந்தார். பின்னர் ஆய்வாளர் அ. கா. பெருமாள் அவற்றை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். நில விற்பனை, வரி, நீர்ப்பங்கீடு முதலிய செய்திகளோடு, மனிதரை மனிதர் விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அவற்றுள் உள்ளன. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின் அவ்வோலைகளை எவரேனும் வெட்கத்தால் எரித்திருந்தால், அக்கொடுமை நிகழவேயில்லை என்று வாதிடவும் இன்று ஆள் இருந்திருப்பர். ஓலை தப்பிற்று, ஆகவே உண்மையும் தப்பிற்று. பழைய பதிவு நமக்குப் பெருமை தருவதற்காக மட்டும் காக்கப்படுவதில்லை. நாம் விட்டொழித்த பிழையையும் அது காட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

போக்குவரவு என்னும் அரிய சொல்

பெரியதோர் அளவில் நிலத்தைக் கணக்கிட்டுப் பதியும் முயற்சி 1883-இல் தொடங்கி 1911 வரை திருவிதாங்கூரில் நடைபெற்றது. அப்போது உருவான செட்டில்மெண்டுப் பதிவேடுகளே பின்னர் வந்த மாற்றங்களுக்கெல்லாம் தொடக்கப் புள்ளியாய் நின்றன. அதன் மேல் ஒவ்வொரு மாற்றமும் படியெடுத்தாற்போல் அடுக்கப்பட்டது.

நிலம் கைமாறும்போது கிராமக் கணக்கில் பெயரை மாற்றும் செயலைத் தமிழ்நாட்டார் பட்டா மாற்றம் என்பர்; நெய்யாற்றின்கரை வட்டத்தில் அதற்குப் போக்குவரவு என்று பெயர். ஒருவரிடமிருந்து போனது, மற்றொருவரிடம் வந்தது என்ற இருபுறத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய அழகு இதிலே உண்டு. நிலவரி செலுத்துவோர்க்குத் தண்டப்பேர் எண் ஒன்று உண்டு; மாற்றம் அக்கணக்கில் ஏறும். 1966-ஆம் ஆண்டுக் கேரளப் போக்குவரவு விதிகள் மாற்றத்தின் காரணத்தையும் மூவகையாகப் பிரிக்கின்றன: உடையவர் தாமே விரும்பிச் செய்வது, நீதிமன்றத் தீர்ப்பு அல்லது வரிப்பாக்கி ஏலத்தால் நேர்வது, வாரிசுரிமையால் வருவது. காரணம் கூறாத மாற்றத்திற்குக் கணக்கில் இடமில்லை.

பத்திரங்களின் நிலையும் இதுவே. முன்னாதாரம் என்று இப்பகுதியில் வழங்கும் முன்பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் புதிய பத்திரம் தன்னகத்தே கூறும். அம்முன்பத்திரம் தனக்கு முந்தியதைக் கூறும். இவ்வாறு சங்கிலி பின்னோக்கிச் செல்லும். இடையிலே ஒரு கண்ணி அறுந்தால் வாங்குவோர் தயங்குவர். வங்கி கடன் தர மறுக்கும். வில்லங்கம் பார்த்தல் என்பது இச்சங்கிலியை ஓராண்டு விடாமல் சோதித்தலேயாம். பத்திரத்தில் பிழை நேர்ந்தால் அதனைச் சுரண்டித் திருத்துவார் இல்லை. பிழைதிருத்தல் பத்திரமோ ரத்துப் பத்திரமோ புதிதாக எழுதுவர். பழையதும் நிற்கும்; திருத்தமும் நிற்கும்.

எந்திரத்தின் வீட்டுக் கணக்கு

இனிக் கணினிக்கு வருவோம். சர்வர் என்பது பலருக்கும் ஒருங்கே பணி செய்யும் கணினி. வங்கிக் கணக்கும், இரயில் முன்பதிவும், நாம் மேலே கூறிய நிலப்பதிவும் இன்று சர்வர்களிலேதான் வாழ்கின்றன. கேரளத்தின் போக்குவரவு விண்ணப்பங்களும் 'ரெலிஸ்' என்னும் கணினி முறைக்குள் வந்துவிட்டன.

அத்தகைய கணினியில் இருவகைப் பொருள் உண்டு. ஒன்று நிரல், மற்றொன்று அமைவு. நிரலை எவரோ எழுதியிருப்பர். அழிந்தால் மீண்டும் பெற்று நிறுவிக்கொள்ளலாம். அமைவோ அந்தந்த இடத்திற்கே உரியது. எந்த வாயிலைத் திறப்பது, எந்த வாயிலை அடைப்பது, யாரை உள்ளே விடுவது, எவ்வளவு நினைவிடம் ஒதுக்குவது என்ற கட்டளைகளெல்லாம் சிறு சிறு எழுத்துக் கோப்புகளில் இருக்கும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளிலே இவை பெரும்பாலும் 'எட்ஸி' என்னும் ஒரே அறையில் வைக்கப்பட்டிருக்கும். ஒரு வீட்டிற்குச் சுவரும் கூரையும் நிரல் என்றால், எந்தச் சாவி யாரிடம் என்ற ஏற்பாடே அமைவு.

இதிலே ஒரு புள்ளி தவறினாலும் பணி நின்றுவிடும். முற்காலத்தில் சர்வர் காப்போர் ஒரு கோப்பைத் திருத்துமுன் அதன் படியொன்றை எடுத்துப் பெயரோடு 'பழையது' என்றும், மறுமுறை 'மிகப் பழையது' என்றும் சேர்த்து வைப்பர். சில திங்கள் கழித்துப் பார்த்தால் பத்துப் படிகள் கிடக்கும். எது நன்கு நடந்த படி, எதை யார் மாற்றினார் என்பது எவர்க்கும் விளங்காது. மாற்றியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டாலோ, அறிவும் அவரோடு சென்றுவிடும்.

ராக்கைண்டு முதல் டோர்வால்ட்ஸ் வரை

நிரல் எழுதுவோர்க்கும் இதே இடர் இருந்தது. தீர்வும் முதலில் அவர்களிடமே பிறந்தது. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்டு என்பவர் 'எஸ்.சி.சி.எஸ்.' என்னும் கருவியை அமைத்தார். ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே ஏட்டில் வைத்து, எவ்வரி எப்பதிப்பில் சேர்ந்தது, எப்பதிப்பில் நீங்கிற்று என்று அது குறித்து வைத்தது. ஒரே பக்கத்தில் எல்லா மாற்றமும் ஏறும் தண்டப்பேர்க் கணக்கை இது ஒக்கும்.

1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்டர் டிச்சி 'ஆர்.சி.எஸ்.' என்னும் கருவியை வெளியிட்டார். அது இறுதிப் பதிப்பை முழுமையாக வைத்து, முந்தியவற்றை வேறுபாடுகளாக மட்டும் சேமித்தது. இன்றைய பத்திரம் கையில் முழுமையாக இருக்க, முன்பத்திரங்களை நோக்கிப் பின்னே செல்வது போன்றது இது. சர்வர் காப்போர் பலர் தம் அமைவுக் கோப்புகளைக் காக்க நெடுங்காலம் ஆர்.சி.எஸ்.-ஐயே நம்பியிருந்தனர். 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் தொடங்கிய 'சி.வி.எஸ்.', 2000-இல் தொடங்கிய 'சப்வெர்ஷன்' ஆகியவை பலர் ஒருங்கே பணி செய்ய வழி வகுத்தன. ஆயினும் பதிவேடு ஒரே நடுவிடத்தில் இருந்தது. கிராம அலுவலகம் எரிந்தால் கணக்கும் எரியும் என்ற அச்சம் நீங்கவில்லை.

2005 ஏப்பிரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் கருவியைப் படைத்தார். தாம் நடத்திவந்த லினக்ஸ் பணிக்கு அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் என்னும் கருவியை விலையின்றிப் பெறும் வசதி நின்றுபோனமையே அதற்குக் காரணம். கிட்டின் சிறப்பு இரண்டு. முதலாவது, பணி செய்வோர் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் படி உடன்பிறந்தார் ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலும் இருப்பது போல. இரண்டாவது, 'கமிட்' எனப்படும் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகை போன்ற ஓர் எண்ணைத் தன்னுள் தாங்கும். பழைய பதிவில் ஓர் எழுத்தை எவரேனும் மறைவாக மாற்றினால் அக்கைரேகை மாறும். பின்வரும் கண்ணிகள் அனைத்தும் பொருந்தாமற் போகும். முன்னாதாரத்தின் எண்ணைப் புதிய ஆதாரத்தில் எழுதும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

மாற்றத்தைத் திரும்பப் பெறுதலும் கிட்டில் ரத்துப் பத்திரத்தை ஒத்ததே. பழைய பதிவை அழிக்காமல், அதற்கு எதிரான புதிய பதிவை அது எழுதுகிறது. ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளை ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பழி என்று பொருள்படும் பெயரை வைத்தனர். பெயர் அதுவாயினும், நற்பண்பினர் அதனைப் பழி சுமத்தப் பயன்படுத்துவதில்லை. எழுதியவரைக் கண்டு காரணம் கேட்கவே பயன்படுத்துவர்.

அமைவுக் கோப்புக்கு ஒரு கணக்கப்பிள்ளை

நிரலுக்குப் பிறந்த இம்முறை அமைவுக்கு எவ்வாறு வந்தது? 1993-இல் நார்வே நாட்டின் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் 'சி.எஃப்.எஞ்சின்' என்னும் கருவியை உருவாக்கினார். பல கணினிகளின் அமைவை ஒரு குறிப்பாக எழுதி, அக்குறிப்பின்படியே கணினிகள் தம்மைத் திருத்திக்கொள்ளச் செய்யும் வழி அது. 2005-இல் லூக் கேனிஸ் 'பப்பெட்' என்னும் கருவியை வெளியிட்டார். அமைவு எழுத்து வடிவம் பெற்றபின், அவ்வெழுத்தைப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைப்பது இயல்பாயிற்று.

ஒற்றைச் சர்வர் வைத்திருப்போர்க்கு 2007-இல் ஜோயி ஹெஸ் என்பவர் 'எட்ஸிகீப்பர்' என்னும் எளிய கருவியைத் தந்தார். அது எட்ஸி அறை முழுவதையும் கிட் முதலிய கருவியின் காவலில் வைக்கிறது. புதிய நிரல் நிறுவப்படும்போது நேரும் மாற்றத்தைத் தானே பதிகிறது. எவரேனும் பதியாமல் விட்ட மாற்றத்தையும் நாள்தோறும் பதிந்து வைக்கிறது. எக்கோப்பை யார் திறக்கலாம் என்ற உரிமைக் குறிப்பையும் காக்கிறது. ஊதியம் கேளாத கணக்கப்பிள்ளை என்றே இதனைக் கூறலாம்.

ஆயினும் இக்கணக்கப்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. எது மாறிற்று, எப்போது மாறிற்று என்பதை எந்திரம் அறியும். ஏன் மாறிற்று என்பதை அறியாது. அதனை மனிதனே எழுதல் வேண்டும். 'திருத்தம்' என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுச் செல்வது, பத்திரத்தில் விற்றவர் பெயரை எழுதாமல் விடுவது போன்றதாகும். மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. கடவுச்சொற்களை இப்பதிவில் சேர்த்தல் ஆகாது. பின்னர் நீக்கினாலும் வரலாறு அதனை மறப்பதில்லை; படி பெற்றோர் அனைவரும் அதனைக் காண்பர்.

தவறிய மாற்றத்தின் விலை

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஆறு மணி நேரம்போல் உலகெங்கும் செயலற்றுப் போயின. தன் பெருவழிக் கருவிகளில் செய்த அமைவு மாற்றமே காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுடுஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அமைவுக் கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

இவ்விரு நிறுவனங்களும் பதிவேடு இல்லாதவை அல்ல. பதிவேடு இருந்தும், மாற்றத்தைச் சோதிக்கும் கண் தவறிற்று. சிறிதளவில் செய்து பார்க்காமல் எங்கும் ஒருங்கே பரப்பினமையும் கேட்டைப் பெருக்கிற்று. எழுதுவோன் வேறு, ஒப்புநோக்குவோன் வேறு, ஏற்றுவோன் வேறு என்று சோழர் கால அலுவலர் முறை வகுத்த ஒழுங்கின் தேவை இங்கே புலனாகும். பதிவேடு பிழையைத் தடுப்பதில்லை; பிழை எங்கே நுழைந்தது என்று காட்டி, முந்தைய நல்ல நிலைக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைக்கிறது.

எல்லைப்புறத் தமிழர்க்கு

இவ்வுண்மை நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1956 நவம்பர் 1 அன்று, கொல்லம் 1132-ஆம் ஆண்டில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பல குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லைக் கோடு இடையிலே வந்தது. அண்ணன் வீடு களியக்காவிளையிலும் தம்பி வீடு பாறசாலையிலும் இருக்க, ஒரே பாட்டனாரின் நிலத்திற்கு இரு மாநிலக் கணக்குகள் தோன்றின.

அப்பாட்டனாரின் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். கொல்லம் ஆண்டில் நாள் குறித்திருக்கும். பணமும் சக்கரமுமாய் விலை கூறும். எல்லைக்கு அப்பால் தமிழ் மட்டும் கற்ற பேரன் அதனைப் படிக்க மாட்டான். எல்லைக்கு இப்பால் மலையாளம் மட்டும் கற்ற பேத்தி, அதற்கும் முந்திய தமிழ் ஓலையைப் படிக்க மாட்டாள். பதிவு இருந்தும் படிப்பார் இல்லையெனில், அது கடவுச்சொல் மறந்த சர்வர் போன்றதே. செல் அரித்த ஓலையும் எழுத்து மறந்த ஓலையும் பயனால் ஒன்றே.

ஆகவே நம் சங்கம் ஒரு நற்பணியை மேற்கொள்ளலாம். அங்கத்தினர் இல்லங்களில் உள்ள பழைய ஆதாரங்களையும் ஓலைகளையும் அவரவர் இசைவோடு படமெடுத்து, ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் யாரிடமிருந்து யாருக்கு, எந்நாளில், எக்காரணத்தால் என்ற நான்கு வரிக் குறிப்பை இருமொழியிலும் எழுதி, படியை அந்தந்தக் குடும்பத்தின் கிளைகளுக்கெல்லாம் வழங்கலாம். சர்வர் காக்கும் நம் இளைஞர்க்கு இவ்வேலையின் முறை தெரியும். ஓலை காத்த நம் முதியோர்க்கு இதன் பொருள் தெரியும். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து செய்யத்தக்க பணி இது.

ஆற்றின் வாய் நகரும், எல்லை நகரும், எந்திரங்களும் ஆண்டுதோறும் மாறும். மாறுவதைத் தடுப்பது நம் கையில் இல்லை. மாறியதை உள்ளவாறு எழுதி, அடுத்த தலைமுறை படிக்கும்படி வைத்துச் செல்வது நம் கையில் உள்ளது. அக்கடமையைச் செய்வோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!